பாரிமுனையின் இரண்டு பக்கம்

கேள்வி இதுதான்: பாரிமுனையில் நின்று பார்த்தால் சாலைக்குத் தெற்கே உயர்நீதிமன்ற வளாகம், மரங்கள், விசாலமான வெளி. வடக்கே ஒரு தட்டுவண்டி நின்றாலே அடைத்துக்கொள்ளும் தெருக்கள். ஒரே சாலையின் இரண்டு ஓரமும் ஏன் இப்படி? ஜார்ஜ் டவுன் என்பது சரியாக எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால், பீரங்கி. புனித ஜார்ஜ் கோட்டைச் சுவரில் இருந்து சுடும்போது எதிரி ஒளிந்துகொள்ள ஒரு குட்டிச்சுவர்கூட நடுவில் இருக்கக்கூடாது என்று சுமார் 265 வருடங்களுக்கு முன்னால் எடுத்த முடிவுதான் இன்றைக்கும் என்.எஸ்.சி. போஸ் சாலையின் தெற்கு ஓரமாக நிற்கிறது. சொல்லப்போனால், சென்னையின் முதல் ஊர் இப்போதைய ஜார்ஜ் டவுனே இல்லை. அது உயர்நீதிமன்றம் இருக்கும் இடத்தில் இருந்தது. அதை இடித்துத் தரைமட்டமாக்கிய பிறகு மிஞ்சிய புறநகர்களைத்தான் நாம் ஜார்ஜ் டவுன் என்கிறோம்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடலாம். கிழக்கே கடல். கடற்கரைக்கு இணையாக மணல் மேடும் பள்ளமுமாக மாறி மாறி வரும் தட்டையான தரை. தங்கசாலைத் தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு, அரண்மனைக்காரன் தெரு, தம்பு செட்டித் தெரு, லிங்கி செட்டித் தெரு எல்லாம் வடக்கு தெற்காக நீளமாக ஓடுவதைக் கவனித்திருப்பீர்கள்; நிலத்தின் வாகும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. தெற்கே கூவம் கடலில் சேர்கிறது. வடக்கிலிருந்து எலம்பூர் ஆறு என்று இன்னொரு சிற்றாறு இறங்கி வந்து, கோட்டைக்கு மேற்குப் பக்கமாக ஓடிக் கூவத்தில் கலந்தது. கடலும் இரண்டு ஆறுகளும் மூன்று பக்கம் காவல் என்பதுதான் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இந்த மணல்திட்டைப் பிடித்ததற்கு ஒரு காரணம். பிற்காலத்தில் கோட்டையை மேற்கே பெரிதாக்கியபோது அந்த ஆற்றின் போக்கையே திருப்பிவிட்டார்கள். அதன் தடத்தை ஒட்டி 1806இல் கொக்ரேன் கால்வாய் வந்தது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய பிறகு, கால்வாய் முழுவதற்கும் அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வந்தது. ஆக, சென்ட்ரல் பக்கம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அந்தக் கால்வாய்க்குள் ஒரு ஆறும் அடக்கம்.

1639இல் உள்ளூர் ஆட்சியாளர் தாமர்ல நாயக்கரிடம் இருந்து இடம் கிடைத்து, அடுத்த வருடம் கோட்டை வேலை தொடங்கியது. வெள்ளைக்காரர்கள் கோட்டைக்குள்ளே. நெசவாளர்கள், சாயம் போடுபவர்கள், மொழிபெயர்த்துத் தரகு பார்க்கும் துபாஷிகள், வணிகர்கள் எல்லோரும் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டியே வீடு கட்டினார்கள். அதற்குக் கறுப்பர் நகரம் என்று பெயர். நடுவில் பட்டணம் கோயில் என்று சொல்லப்பட்ட சென்னகேசவப் பெருமாள், சென்னமல்லீஸ்வரர் கோயில்கள். அவற்றைச் சுற்றித் தெருக்கள், சந்தை. கோட்டைக்கும் ஊருக்கும் இடையில் வெட்டவெளி என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. வியாபாரத்துக்கு அது சௌகரியம், சண்டைக்கு ஆபத்து. நூறு வருடம் அந்த ஆபத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

1746 செப்டம்பரில் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையைப் பிடித்தார்கள். கையில் இருந்த மூன்று வருடத்தில், கோட்டையை ஒட்டிய கறுப்பர் நகர வீடுகளில் ஒரு பெரும்பகுதியை இடித்தார்கள். 1749இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. வந்தவர்கள் இடிந்ததைக் கட்டிக் கொடுப்பார்கள் என்றுதான் ஜனங்கள் நினைத்திருப்பார்கள். அவர்களோ பிரெஞ்சுக்காரன் செய்ததுதான் சரி என்று மிச்சத்தையும் இடித்தார்கள். கோயில்களும் போயின. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி படையோடு வந்து அடுத்த பிப்ரவரி வரை கோட்டையை முற்றுகையிட்டபோது, வடக்கே இருந்த வீடுகளும் தெருக்களும் எப்படி எதிரிக்கு மறைவிடமாகும் என்பது கண்ணெதிரே தெரிந்துபோயிற்று.

வீடுகள் மட்டும் இல்லை. இப்போது சட்டக் கல்லூரிக் கட்டடம் நிற்கும் இடத்தில் அன்று ஆங்கிலேயர்களின் இடுகாடு இருந்தது. ஆளுயர நினைவுக் கட்டடங்கள், கூம்புகள். லாலியின் வீரர்கள் அவற்றின் பின்னால் பதுங்கிச் சுட்டார்கள். முற்றுகை நீங்கிய பிறகு கம்பெனி தன் சொந்த ஆட்களின் சமாதிகளையே பெயர்த்தது. பெயர்த்த கல்வெட்டுப் பலகைகளைக் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுபோய் முற்றத்தில் பாவிவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே போனால் லத்தீனிலும் போர்ச்சுகீசியத்திலும் ஆங்கிலத்திலும் வெட்டிய எழுத்துகளின் மேல்தான் கால் வைக்க வேண்டும், கீழே யாரும் இல்லை. இடுகாட்டில் தப்பிய மிகச் சிலவற்றில் ஒன்று, கம்பெனியின் ஆளுநராக இருந்த எலிஹூ யேலின் சிறு மகன் டேவிட்டுக்கும் ஜோசப் ஹின்மர்ஸுக்கும் எழுப்பிய உயரமான கூம்பு. அதை இடம் மாற்றுவது பற்றி 2023இல் பக்கத்து உயர்நீதிமன்றத்திலேயே வழக்கு நடந்தது.

இடித்த இடத்தில் யாரும் திரும்பக் கட்டிவிடக்கூடாது இல்லையா? அதற்காக எல்லைத் தூண்கள் நட்டார்கள். இந்தக் கோட்டுக்கும் கோட்டைக்கும் நடுவே கட்டடம் எழுப்பக்கூடாது என்ற அறிவிப்போடு, 1773 ஜனவரி 1 என்று தேதி போட்டு. அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தின் ஓரமாக இன்னமும் இருக்கிறது. பேருந்துக்காகப் பக்கத்தில் நிற்பவர்கள் அதை ஏதோ பழைய கல் என்று தாண்டிப் போவார்கள். என்னைக் கேட்டால் சென்னை நகர அமைப்பைப் பற்றி ஒரே ஒரு பொருளைக் காட்டிப் பேசவேண்டும் என்றால் ரிப்பன் மாளிகை வேண்டாம், இந்தக் கல் போதும்.

கோட்டுக்குத் தெற்கே இருந்த வெட்டவெளிக்கு எஸ்பிளனேடு என்று பெயர். காவல் நிலையத்தின் பெயரில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பீரங்கிக்கு வேலை இல்லாமல் போன காலத்தில் அரசாங்கத்துக்கு ஊர் நடுவில் அவ்வளவு காலி நிலம் சும்மா கிடைத்தது. அங்கேதான் 1840களில் பழைய கலங்கரை விளக்கத் தூண், 1892இல் உயர்நீதிமன்றம், பிறகு சட்டக் கல்லூரி எல்லாம் வந்தன. பிராட்வே பேருந்து நிலையமும் அதே வெளியில் அமைந்ததுதான். உயர்நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரமே 1894இல் இருந்து 1970களில் மெரினா கலங்கரை விளக்கம் வரும் வரை கப்பல்களுக்கு விளக்குக் காட்டியது.

இடித்த கோயில்கள்? மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று, கம்பெனியிடம் மாற்று இடம் வாங்கி, 1760களில் இரண்டையும் பூக்கடைப் பகுதியில் மறுபடி எழுப்பினார். தேவராஜ முதலி தெருவில் கண்ணாடி, வளையல், அலங்காரச் சாமான் கடைகளுக்கு நடுவே நுழைவாயில் தெரியும். கடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கோயிலைத் தவறவிட்டுவிடுவீர்கள்; பலரும் தவறவிடுகிறார்கள். ஊருக்கே பெயர் தந்ததாகச் சொல்லப்படும் கோயில் இப்படி ஒளிந்திருப்பது எனக்குக் கொஞ்சம் ஆதங்கம்தான்.

சரி, ஊரை இழந்தவர்கள் எங்கே போனார்கள்? வடக்கிலும் மேற்கிலும் ஏற்கெனவே இரண்டு பேட்டைகள் வளர்ந்திருந்தன. கடல் பக்கம் முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. பெத்தநாயக்கன் என்பவர் ஊர்க்காவல் தலைவர். தலையாரிகளை வைத்து இரவுக் காவல் பார்ப்பதும், திருட்டுப் போனால் கண்டுபிடித்துக் கொடுப்பதும் அவர் பொறுப்பு. அதற்குச் சரக்குகள் மேல் சிறு வரி வாங்கிக்கொள்ளும் உரிமை. நவீனப் போலீஸ் வரும்வரை இந்த ஊரின் போலீஸ் அவர்தான்.

இரண்டு பேட்டைகளும் தனித்தனியாக வளர்ந்ததில் சாதிக் கணக்கும் உண்டு. வலங்கை, இடங்கை என்று பிரிந்திருந்த சாதிகளுக்கு இடையே எந்தத் தெருவில் யாருடைய கல்யாண ஊர்வலம் போகலாம் என்பதில் ஓயாத சண்டை. 1652இலேயே தெருக்களைப் பிரித்துக் கொடுத்து ஒரு சமரசம் செய்தார்கள். 1707–08இல், தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது, சண்டை முற்றி வலங்கையார் கூட்டமாக ஊரை விட்டுச் சாந்தோமுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்கள். துணி வியாபாரம் நின்றது. கம்பெனிக்கு வயிற்றில் அடித்தது போல ஆயிற்று. கடைசியில் பெத்தநாயக்கன்பேட்டை வலங்கைக்கு, முத்தியால்பேட்டை இடங்கைக்கு என்று வகுத்தார்கள். விஸ்வகர்மாக்களின் காளிகாம்பாள் கோயிலும் பேரி செட்டியார்களின் தெருக்களும் கிழக்கே இருப்பதும், கோமுட்டிச் செட்டியார்களின் கடைவீதிகள் மேற்கே இருப்பதும் இந்தக் கோட்டின் நிழல்தான். விதிவிலக்குகள் உண்டு, எல்லாக் குடும்பமும் கோட்டுக்கு உள்ளேயே அடங்கி இருக்கவில்லை. காளிகாம்பாள் கோயிலுக்கு 1677இல் சத்ரபதி சிவாஜி வந்து வழிபட்டார் என்று கோயிலில் சொல்வார்கள். அந்த வருடம் அவர் படையோடு இந்தப் பக்கம் வந்தது உண்மை, கோயிலுக்குள் வந்தது நம்பிக்கை என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பேட்டைக்கும் நடுவே எல்லை போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அங்கே ஒரு நீண்ட பள்ளம் இருந்தது. மழைத் தண்ணீரும் கழிவும் அதன் வழியாகத்தான் ஓடும். ஸ்டீஃபன் போஃபம் என்ற வழக்கறிஞர் 1778இல் சென்னைக்கு வந்தார். எல்லாவற்றுக்கும் ஒரு திட்டம் கையில் வைத்திருக்கும் ஆசாமி. தெருவுக்குத் தெரு சாக்கடை, தெருக்களுக்குப் பெயர்ப்பலகை, விளக்கு, பிறப்பு இறப்புப் பதிவு, சாராயக் கடைகளுக்கு உரிமம் என்று 1782இல் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். அவர்தான் அந்தப் பள்ளத்தை வாங்கி, தண்ணீரை வடித்து, மண் நிரப்பி, நேராக ஒரு சாலை போட்டார். அதுதான் போஃபம்ஸ் பிராட்வே. இப்போது அதிகாரப்பூர்வமாகப் பிரகாசம் சாலை, பேச்சில் பிராட்வே. பெரிய மழைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். பள்ளத்துக்குத் தன் பழைய வேலை மறக்கவில்லை.

அடுத்தது மேற்கு, வடக்கு எல்லை. 1767இல் மைசூர்க் குதிரைப்படை சென்னையின் புறநகர் வரை வந்து சூறையாடியது. 1769இல் ஹைதர் அலியே நகர வாசலுக்கு வந்து நின்று சமாதான ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு போனார். பேட்டைகளைச் சுற்றிச் சுவர் வேண்டும் என்று பல வருடமாகப் பேசிக்கொண்டிருந்தது அதற்கு அப்புறம்தான் மும்முரமானது. கிழக்கே கடல், தெற்கே கோட்டையின் பீரங்கிகள். ஆகவே வடக்கிலும் மேற்கிலும் மட்டும் சுவர். ஒப்பந்தக்காரர் பால் பென்ஃபீல்டு. ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்தே கொழுத்து, பின்னால் இங்கிலாந்து நாடாளுமன்றம் வரை நாறிய அதே பென்ஃபீல்டுதான்.

சுவருக்கு ஆகும் செலவை உள்ளே குடியிருப்பவர்களிடம் வரியாக வாங்குவது என்று முடிவு. ஆனால் அப்படி வரி போடக் கம்பெனிக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை என்று வந்தது. கடைசிவரை வசூலாகவே இல்லை. வசூலாகாத அந்த வரியின் பெயர் மட்டும் ஒரு சாலைக்கு நிலைத்துவிட்டது. இப்போது வ.உ.சி. சாலை என்று பலகை இருந்தாலும் ஆட்டோக்காரரிடம் வால்டாக்ஸ் ரோடு என்றால்தான் வண்டி நகரும். 19ஆம் நூற்றாண்டில் சுவரைப் பெரும்பாலும் இடித்துவிட்டார்கள். வாசல்களில் யானைக்கவுனியின் பெயர் இன்னும் நிற்கிறது. வடக்கே பழைய சிறைச்சாலைச் சாலையை ஒட்டி ஒரு துண்டுச் சுவர் மிச்சம். அதன் மேலேயே பூங்கா அமைத்ததால் மாடிப்பூங்கா என்கிறார்கள்.

இப்போது எல்லையைச் சொல்லிவிடலாம். தெற்கே என்.எஸ்.சி. போஸ் சாலை, மேற்கே வால்டாக்ஸ் சாலை, வடக்கே பழைய சிறைச்சாலைச் சாலையும் இப்ராகிம் சாகிப் தெருவும், கிழக்கே ராஜாஜி சாலை. ஒன்று பீரங்கிக் கோடு, இரண்டு சுவர்க் கோடு, ஒன்று கடற்கரைக் கோடு. உயர்நீதிமன்றத்தையும் சேர்த்து ஜார்ஜ் டவுன் என்பவர்களும் உண்டு. அவர்கள் எல்லைத் தூணை மதிக்காதவர்கள்.

கடற்கரைக் கோடு என்று சொன்னேன். ராஜாஜி சாலையில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாதே என்று கேட்கலாம். துறைமுகம் வருவதற்கு முன் அலை அந்தச் சாலைக்கு மிக அருகில் அடித்தது. கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிடும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரவேண்டும். 1876இல் துறைமுக வேலை தொடங்கியது. முடியும் தறுவாயில் 1881 புயல் அலைதாங்கிச் சுவர்களைச் சின்னாபின்னமாக்கியது. மறுபடி கட்டி, 1904க்குப் பின் பிரான்சிஸ் ஸ்பிரிங் பொறுப்பேற்றுக் கிழக்கு வாயிலை மூடி வடகிழக்கில் திறந்த பிறகே ஒழுங்கான துறைமுகம் ஆனது. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைச் சுவர் மறித்தது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. 1884இல் திறந்த தலைமை அஞ்சல் நிலையம் முதலான அந்தச் சாலையின் பெரிய கட்டடங்கள் கடலைப் பார்த்துக் கட்டியவை, இப்போது துறைமுக மதிலைப் பார்க்கின்றன. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் வந்து எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டுப் போனதும் இங்கேதான். அதற்கான கல்வெட்டு உயர்நீதிமன்றச் சுவரில் இருக்கிறது.

குடிநீர் கதையும் மணலோடு சேர்ந்தது. கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் கிடைத்தது. 1772இல் கேப்டன் பேக்கர் வடக்கே கிணறுகள் தோண்டி, ஏற்றம் கட்டி இறைத்து, குழாய் வழியாகக் கோட்டைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். அந்த இடம்தான் ஏழுகிணறு. கிணறு பேட்டையில், தண்ணீர் கோட்டைக்கு. வள்ளலார் சென்னையில் வாழ்ந்த வீராசாமிப் பிள்ளைத் தெரு வீடும் ஏழுகிணறில்தான்; அங்கிருந்து நடந்து அவர் கந்தகோட்டம் முருகன் கோயிலுக்குப் போவார்.

வெளியூர்க்காரர்கள் வந்து தங்கிய விதம் தெருப்பெயர்களில் இருக்கிறது. மத்தியதரைக் கடல் பவழத்தைக் கொண்டுவந்து கோல்கொண்டா வைரத்துக்கு மாற்றிக்கொண்ட போர்ச்சுகீசிய யூதர்களின் தொழிலை நினைவூட்டுவது பவழக்காரத் தெரு. பின்னால் அதே தெருவில் நகரத்தார் வந்து விடுதி வைத்தார்கள். அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயம் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான அஸ்தராரை 1794இல் சென்னையிலிருந்து வெளியிட்ட பாதிரியார் ஷ்மாவோனியனின் சமாதி அந்த வளாகத்திலேயே. ஊரில் ஆர்மீனியர்கள் இல்லாமல் போயும் அந்த முற்றம் சுத்தமாக, மரநிழலோடு இருக்கிறது. சௌகார்பேட்டையின் குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்கள், மண்ணடியின் தமிழ் முஸ்லிம் வணிகர்கள், 1960களில் பர்மாவில் இருந்து விரட்டப்பட்டு வந்து ராஜாஜி சாலை நடைபாதையில் கடை போட்டவர்கள் என்று வரிசை நீளும். வந்த ஒவ்வொரு கூட்டமும் ஒரு சரக்கைப் பிடித்துக்கொண்டது. ஆண்டர்சன் தெரு என்றால் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், கோடவுன் தெரு என்றால் துணி, ராசப்ப செட்டித் தெரு என்றால் நாட்டு மருந்து. முன்பு துணி கப்பலேறிய ஊர். மொத்த வியாபாரம் என்ற குணம் மட்டும் மாறவில்லை.

ஜார்ஜ் டவுன் என்ற பெயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் பெயரால் வந்தது. கறுப்பர் நகரம் என்பது எல்லோருக்குமே சங்கடமாகிவிட்டிருந்தது. காய்கறிச் சந்தையான கொத்தவால் சாவடி 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. 2002இல் வெளியூர்ப் பேருந்துகளும் போயின. அப்போது ஊர் காலியாகிவிடும் என்றார்கள். இல்லை. வீடுகள்தான் குறைந்தன, திண்ணையும் முற்றமும் வைத்த பழைய வீடுகள் பல இன்று சரக்குக் கிடங்குகள். 2019 பிப்ரவரியில் மெட்ரோ சுரங்கம் வழியாக வந்து உயர்நீதிமன்றம், மண்ணடி நிலையங்கள் திறந்தன.

நேரில் பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போங்கள். பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், கட்டடங்கள் தெரியும். ஆனால் தேவாலயமும் கோயில்களும் திறக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உயர்நீதிமன்ற மெட்ரோவில் இறங்கி எல்லைத் தூணில் தொடங்கி, அரண்மனைக்காரன் தெரு வழியாக வடக்கே நடந்து, தம்பு செட்டித் தெருவில் காளிகாம்பாளைப் பார்த்துவிட்டு, பிராட்வேயைக் குறுக்கே தாண்டித் தேவராஜ முதலி தெருவுக்கு வந்தால், போஃபம் நிரப்பிய பள்ளத்தைக் கடந்து ஒரு பேட்டையில் இருந்து இன்னொரு பேட்டைக்குப் போயிருப்பீர்கள். மாடிப்பூங்காவை அன்றைக்கே சேர்க்க வேண்டாம், தூரம். பசித்தால் தங்கசாலைத் தெருவில் சௌகார்பேட்டைப் பக்கம் கச்சோரிக்கும் லஸ்ஸிக்கும் பஞ்சமில்லை.